ஐந்தாவது வாசல்

பழங்காநத்தத்தில் ஒரு சின்னச் சபை. அதன் சண்டே ஸ்கூலில் பதினைந்து வருஷமாக ஜெயக்கொடிதான் டீச்சர். நோவாவின் பேழை, தாவீதின் கவண்கல் என்று அவள் கதை சொல்ல உட்கார்ந்தால் பிள்ளைகள் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்கும். ஒரு கதையில் மட்டும் அம்மணி நடுப்பக்கத்தை முழுங்கிவிடுவாள். எகிப்து ராஜாவிடம் போய் மோசே நியாயம் கேட்டான் என்பாள். அடுத்த மூச்சில் கடல் பிளந்து நிற்கும். விவரமான பிள்ளை ஏதாவது, "நடுவுல என்ன டீச்சர் நடந்துச்சு?" என்று கேட்டால், "அது பெரிய கிளாஸ்ல சொல்லுவேன்" என்பாள். பெரிய கிளாசுக்கும் அவளேதான் டீச்சர். அங்கேயும் சொன்னதில்லை.

நடுவில் நடந்தது பஸ்கா. எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்த ஜனங்கள் ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் ரத்தத்தை வாசல் நிலையில் பூசினார்கள். அன்றைக்கு அந்தத் தேசத்தில் சாவு இறங்கியது. பூசிய வீட்டைக் கடந்து போனது. பூசாத வீட்டில் தலைச்சன் பிள்ளையைக் கொண்டுபோனது. அத்தோடு அடிமைகளுக்கு விடுதலை. அந்த நாளைத்தான் அவர்கள் வருஷா வருஷம் பிள்ளை குட்டிகளோடு பண்டிகையாகக் கொண்டாடினார்கள். ஜெயக்கொடியும் கொண்டாடினாள். 1999ஆம் வருஷம், ஒரே ஒரு தடவை.

அவள் பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த காட்டில் பிறந்தவள். பஸ் டெப்போ மெக்கானிக் அழகுபாண்டிக்கு வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தாள். மூத்த மகள் எட்டு மாதக் குழந்தையில் சாகக் கிடந்து பிழைத்தாள். அவளுக்காக ஜெபம் பண்ணியவர்கள் பின்னாலேயே புருஷனும் பெண்டாட்டியும் சபைக்குப் போனார்கள். பிள்ளைக்குக் கெசியா என்று பெயர் மாறியது. பிறந்த வீட்டார் இரண்டு வருஷம் வாசல்படி மிதிக்கவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள்.

ஜெயக்கொடிக்குக் கை சும்மா இராது. காலித் தீப்பெட்டி கிடைத்தால் ரயில் வண்டி, ஈர்க்குச்சி கிடைத்தால் வெட்டுக்கிளி. மனசும் அப்படித்தான், எதையும் வீணாக விடாது. யாராவது சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்வாள். சண்டை போட்டுத் தீர்த்துவிடுகிற ரகம் இல்லை. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

அவர்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஐந்து வாசல், ஒரு குழாய். முதல் வாசல் ஜெயக்கொடி. இரண்டாவது, இட்லி அவித்து விற்கிற முனியாயி. கடைசி வாசல், ஐந்தாவது, சூடாமணி. சூடாமணியின் ஆட்கள் சௌராஷ்டிரர். வீட்டுக்குள்ளே அவர்கள் பாஷை, வெளியே வந்தால் நம் மதுரைத் தமிழ். அவள் வீட்டுக்காரர் ஜனகராஜ் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். மூத்தவன் வெங்கடேஷ்பாபுவுக்கு இருபத்திரண்டு வயது. சேலைக்கட்டுகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டு வருவான். அவனுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த இளையவன் கார்த்திகேஷ், கெசியாவோடு நாலாவது படித்தான்.

சூடாமணி கெட்டவள் இல்லை. கெசியாவுக்கு அம்மை போட்டபோது வேப்பிலைக் கொத்தோடு முதலில் வந்து நின்றவள் அவள்தான். ஆனால் ஆசாரம் ஒரு முழம் கூடுதல். போன கிறிஸ்துமசுக்கு ஜெயக்கொடி அதிரசமும் முறுக்கும் கேக்கும் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எதுக்கு ஜெயா இம்புட்டு" என்று முகமெல்லாம் சிரிப்பாக வாங்கினாள் சூடாமணி. மறுநாள் காலையில் குழாயடிக்குப் போன ஜெயக்கொடி, மாட்டுக்காரன் எடுத்துப்போகிற கழுநீர்ப் பானையில் அந்த அதிரசங்கள் ஊறிக் கிடப்பதைப் பார்த்தாள். ஒன்றுகூடக் கடிபடவில்லை. அன்றைக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. குடத்தை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஜெயக்கொடிக்குச் சில சைக்ளோஸ்டைல் தாள்கள் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பஸ்கா கொண்டாடுவது எப்படி என்று அதில் போட்டிருந்தது. படித்ததிலிருந்து அவளுக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டாள். மத்தியானத்தோடு பரீட்சை முடிந்து ஒன்பது உருப்படிகள் வந்து சேர்ந்தன. ஏப்ரல் ஃபூல் என்று பள்ளியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் தெளித்துக்கொண்ட நீல மை எல்லார் முதுகிலும் இருந்தது. காம்பவுண்டிலும் விடிந்ததிலிருந்து அதே கூத்துதான். 'அக்கா, சேலையில பல்லி', 'தண்ணி வந்துருச்சு, குடத்தை எடுங்க' என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். சூடாமணி மட்டும் மூன்று தடவை ஏமாந்திருந்தாள்.

கார்த்திகேஷை அனுப்பும்போது சூடாமணி நடையில் நின்று சொன்னது ஜெயக்கொடியின் காதில் தெளிவாக விழுந்தது. "போயி விளையாடு. அங்க எதையும் வாயில வச்சுறாத."

அதையும் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று மத்தியானம் அந்த ஒண்டிக் குடித்தன வீடு களைகட்டியது. அடிமைகளை விடாத எகிப்தின் மேல் வந்த வாதைகளுக்காகப் பழைய நோட்டைக் கிழித்துத் தவளை மடித்தார்கள், பின்னால் அழுத்தினால் தாவுகிற தவளை. ஈர்க்குச்சியில் வெட்டுக்கிளி. தீப்பெட்டியில் பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி. எகிப்தில் மூன்று நாள் இருட்டு என்றதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டி விழுந்தார்கள். புளிக்க வைக்காத மாவில் ஆளுக்கொரு அப்பம் தட்டினார்கள். ஒன்றாவது வட்டமாக வர வேண்டுமே. கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து. புறப்படத் தயாராக நின்றுகொண்டே சாப்பிட வேண்டும் என்று தாளில் போட்டிருந்தபடி, இடுப்பில் துண்டு கட்டி, கையில் குச்சி பிடித்து, காலில் செருப்போடு வீட்டுக்குள் நிற்க வைத்தாள். வீட்டுக்குள் செருப்பு என்றதும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கார்த்திகேஷ் ஒருத்தன்தான் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், தின்னவில்லை.

கடைசியாக வாசல். அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு குட்டி வாசல் நிலை செய்து வைத்திருந்தாள். அதில் பூசச் சிவப்பு வேண்டும். "எங்க வீட்ல இருக்கு அத்தை" என்று ஓடினான் கார்த்திகேஷ். சூடாமணி ஒரு பழைய டப்பாவில் சாயப்பொடியைக் கரைத்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"பாத்து ஜெயா. பட்டா லேசுல போகாது" என்றாள். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, ஜெயக்கொடியும் சொல்லவில்லை.

அட்டை வாசலுக்கு எவ்வளவு வேண்டும், ஒரு கரண்டி. டப்பா நிறைய மிச்சம். பிள்ளைகள் சும்மா விடுமா. "நிசமான வாசல்ல பூசலாம் டீச்சர்" என்று ஆரம்பித்தார்கள். முதலில் தன் வீட்டு நிலையில் வேப்பங்கொத்தால் மூன்று இழுப்பு இழுத்தாள் ஜெயக்கொடி, இரண்டு பக்கமும் மேலேயும். இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த முனியாயி எட்டிப் பார்த்து என்ன ஏது என்று கேட்டாள். பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டன. பூசாத வீட்டில் தலைச்சன் போய்விடும் என்று கேட்டதும் முனியாயி முகம் செத்துவிட்டது.

தலைச்சன் என்ற பேச்சு நம் பக்கத்தில் விளையாட்டுப் பேச்சில்லை. இடி தேடி விழுவது தலைச்சன் மேல். மந்திரக்காரன் மைக்குத் தேடுவது தலைச்சன் மண்டை. புத்தகத்தில் முதற்பேறு என்று போட்டிருந்ததைப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஜெயக்கொடி தலைச்சன் ஆக்கியிருந்தாள். அங்கேதான் பிடித்தது வினை.

"ஏத்தா, வாய விட்டுட்டேல்ல. இனி என் வாசலுக்கும் பூசிரு. எனக்கும் ஒத்தத் தலைச்சன் இருக்கான்" என்றாள் முனியாயி.

"அய்ய, இது கதைம்மா. பிள்ளைக விளையாட்டு."

"விளையாட்டாவே பூசு."

பூசினாள். அதைப் பார்த்து மூன்றாவது வீட்டுக்காரி, பிறகு நாலாவது. வெயில் சாய்ந்து சுவர் ஓரத்தில் நிழல் விழுந்திருந்தது. பிள்ளைகள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது வாசலுக்கு நடந்தார்கள். நிலையின் மேல் நாமம், காய்ந்த மாவிலைத் தோரணம், படியில் மஞ்சள். கெசியா கொத்தைச் சாயத்தில் முக்கிவிட்டுத் திரும்பி, "இங்கயும் பூசவாம்மா?" என்று கேட்டாள்.

நாமம் போட்ட வாசல், அவர்களைக் கேட்காமல் பூசினால் தப்பாக நினைப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது நியாயமான பேச்சு. பிறகு ஊருக்கு அப்படித்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணில் நின்றது நாமம் இல்லை, கழுநீரில் ஊறிய அதிரசம். உள்ளே ஒரு அற்ப சந்தோஷம் குறுகுறுத்தது.

"வேண்டாம். அவுகளுக்கு எதுக்கு, வாங்க" என்றாள்.

கார்த்திகேஷின் முகம் சுண்டிப்போனது. அவன் தன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஐந்தரை மணி இருக்கும். தெருமுனை டெலிபோன் பூத்துக்காரர் சோலை காம்பவுண்டுக்குள் வந்தார். எப்போதும் ஆள்விட்டுக் கூப்பிட்டு அனுப்புகிறவர், தானே வந்திருந்தார். நேரே ஐந்தாவது வாசலுக்குப் போனார்.

"அக்கா, கொட்டாம்பட்டியில இருந்து போன். பாபு வண்டியில லாரி மோதிருச்சாம்."

சூடாமணி சிரித்தாள். "போங்கண்ணே. காலையில இருந்து நாலாவது ஆளு நீங்க. பெரிய மனுசன், உங்களுக்குமா?"

சோலை சிரிக்கவில்லை. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சூடாமணியின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்கத் தெரியாதவள் மாதிரி. குழாயடியில் நின்ற ஜெயக்கொடி குடத்தைக் கீழே வைத்தாள். அவள் கை தன்னால் நகத்திடுக்கிலிருந்த சிவப்பைச் சுரண்டியது.

ஜனகராஜும் சூடாமணியும் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். பாபுவை வேனில் போட்டு அங்கே கொண்டுவருகிறார்களாம். தலையில் அடி. ஏறும்போது சூடாமணி யாரையும் பார்க்கவில்லை. "கார்த்தி" என்று மட்டும் சொன்னாள். "நான் பாத்துக்கிறேன்க்கா" என்றாள் ஜெயக்கொடி.

அதற்குப் பிறகு காம்பவுண்டு பேசியதை என்னவென்று சொல்ல. நாலு வாசலில் பூசி ஒரு வாசலை விட்டிருக்கிறாள். விட்ட வாசலில் தலைச்சன் விழுந்துவிட்டான். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? "ஏவி விட்டுட்டா" என்றாள் ஒருத்தி. "நானா கேட்டு வாங்கலேன்னா என் பிள்ளையுமில்ல போயிருப்பான்" என்று முனியாயி மாரில் அடித்துக்கொண்டாள். அழகுபாண்டி டெப்போவிலிருந்து வந்து, கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உனக்கு எதுக்கு ஜெயா இந்த வேல?" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஜெயக்கொடி போகவில்லை. வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு முதலில் தன் வாசலைத் தேய்த்தாள். சாயம் வெளுத்ததே ஒழியப் போகவில்லை. மற்ற வாசல்களையும் தேய்த்துவிடுகிறேன் என்று முனியாயி வீட்டுப் பக்கம் போனாள். அவளை வாய்க்கு வந்தபடி ஏசிய முனியாயி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என் வாசல்ல கைய வச்சே, நடக்கிறது வேற."

ஜெயக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். முனியாயி வாசலில் நேற்றைய கோட்டின் மேல் புதுக் கோடு. குங்குமத்தைக் கரைத்து விடியற்காலையில் அவளே பூசியிருக்கிறாள். மூன்றாவது வீட்டிலும் நாலாவது வீட்டிலும் அப்படியே. அவளை ஏசாதவர் இல்லை; பூசியதை அழித்தவர் ஒருவரும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டுக்குள் கார்த்திகேஷ் பாயில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் சாயந்தரத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை.

"அத்தை, எங்க வாசல்ல ஏன் பூசல?"

"அது வெறும் கதைடா சாமி. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது."

"கதைன்னா முனியாயிப் பாட்டி ஏன் திரும்பப் பூசுனாங்க?"

கெசியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பார்வையைத் தாங்க முடியாமல் ஜெயக்கொடி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழங்கால் போட்டாள். ஜெபம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு ஒரு வார்த்தை எழும்பவில்லை. அவள் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடமே போய், பார்க்காதவரிடம் கேட்பது போல எப்படிக் கேட்பது? கடைசியில், "அந்தப் பையனை விட்டுருங்கப்பா. அவன் கண்ணு முழிச்ச உடனே அவங்கம்மா கால்ல விழுந்து உள்ளதைச் சொல்லிர்றேன்" என்று பேரம் பேசினாள். தான் பேரம் பேசுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேசினாள்.

பதினோரு மணிக்குச் சோலை வந்து, இன்னும் நினைவு வரவில்லையாம் என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பகல் முழுக்கக் காற்றே இல்லை. ஒரு வாசலிலும் பிள்ளைகள் விளையாடவில்லை. அவரவர் மூத்ததை அவரவர் வீட்டுக்குள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பசி தாங்காமல் கார்த்திகேஷ் இரண்டு மணிக்கு மேல் ஜெயக்கொடி கையால் ரசம் சோறு வாங்கித் தின்றான். தின்றுவிட்டு, "அம்மாட்ட சொல்லிராதீங்க அத்தை" என்றான். அப்படியே தூங்கிப்போனான்.

நாலு மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. சூடாமணியும் அவள் தங்கையும் இறங்கினார்கள். தங்கை காம்பவுண்டு வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சூடாமணி மட்டும் உள்ளே வந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. முனியாயி எழுந்து "ஏத்தா" என்றதைக் காதில் வாங்காமல் நேரே ஜெயக்கொடி வாசலுக்கு வந்தாள்.

"கார்த்தி எங்க?"

"உள்ள தூங்குறான்க்கா. பாபு எப்பிடி இருக்கான்?"

சூடாமணி நிலையில் வெளுத்திருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சாயம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"அக்கா..."

"இருந்தா எடுத்துக்கிட்டு வா."

ஜெயக்கொடி டப்பாவையும் ஒரு வேப்பங்கொத்தையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். மூன்று வாசல்களிலிருந்தும் கண்கள் கூடவே வந்தன. ஐந்தாவது வாசலில் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"இது வெறும் சாயம்க்கா. நீங்க கரைச்சுக் குடுத்ததுதான். இதுல ஒண்ணுமே இல்லக்கா."

"நேத்து என் வாசல வேணாம்னு விட்டப்ப, வெறும் சாயம்னு நெனச்சா விட்டே?"

அந்தக் கேள்வியில் ஜெயக்கொடி உடைந்துபோனாள். "இல்லக்கா. கிறிஸ்துமசுக்குக் குடுத்த பலகாரம் கழுநீர்ல கெடந்துச்சு. பாத்தேன். மனசுல வச்சிருந்தேன். வேணும்னுதான் விட்டேன்" என்று சொல்லிக் காலில் விழப் போனாள். சூடாமணி தோளைப் பிடித்து நிறுத்தினாள். பிடி இரும்பாக இருந்தது.

"கார்த்தி நேத்தே வந்து சொன்னான், அத்தை வேணாம்னுட்டாகன்னு. எதுக்குன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு. நான் கொட்டுனேன், நீ விட்டே. இப்பப் பூசு."

ஜெயக்கொடி பூசினாள். இடது நிலையில் ஒரு கோடு, வலது நிலையில் ஒரு கோடு. சாயம் மஞ்சள் பூசிய படியில் சொட்டியது. சொட்டச் சொட்ட அவளுக்கே ஒரு தைரியம் வந்தது. தப்பைச் சொல்லியாயிற்று, இனி ஆண்டவர் இரங்குவார் என்று தோன்றியது. "பாபு பொழச்சிருவான்க்கா. நான் காலையில இருந்து உபவாசம் இருக்கேன். கண்டிப்பா முழிச்சிருவான்" என்றாள்.

"பாபு ரெண்டு மணிக்கே போயிட்டான் ஜெயா" என்றாள் சூடாமணி. "உடம்ப அறுத்துக் குடுக்கச் சாயங்காலம் ஆகுமாம். வீட்டை ஒதுங்க வைக்க எங்க வீட்டுக்காரரு என்னைய அனுப்பியிருக்காரு."

கொத்துப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. ஜெயக்கொடிக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

"பின்ன இது யாருக்குக்கா?"

"உன் வீட்ல தூங்குறான்ல. இனி அவன்தான எனக்குத் தலைச்சன்." சூடாமணி ஒதுங்கி நின்று வாசலை மேலும் கீழும் பார்த்தாள். "மேல விட்டுப்போச்சு பாரு. நல்லாப் பூசு."

ஜெயக்கொடி எக்கி நின்று பூசினாள்.